மூன்று மாதம் பின்தங்கி வரும் கணக்கு: ஆணின் கருவளமும் அன்றாடப் பழக்கங்களும்

ஒரு விந்தணு விரையில் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. பிறகு விரையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள்குழாயில் ஒன்றிரண்டு வாரம் ஊர்ந்துதான் அது நீந்தும் திறனைப் பெறுகிறது. ஆகவே இன்று காலை ஒருவர் ஆய்வகத்தில் கொடுக்கும் மாதிரி, ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு முன் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதையே சொல்கிறது. ஐப்பசியில் டெங்கு வந்து ஒரு வாரம் படுத்தவருக்குக் கார்த்திகை, மார்கழியில் எண்ணிக்கை சரிந்து, பின் தானே ஏறிவிடலாம். சிகரெட்டை விட்ட பத்தாம் நாளே பரிசோதனை செய்து, 'ஒரு மாற்றமும் இல்லையே' என்று மறுபடி பற்றவைப்பவருக்கு இந்த இடைவெளி தெரியாது. காய்ச்சலில் இறங்கிய எண்ணிக்கை தானாக ஏறியதை, இடையில் சாப்பிட்ட லேகியத்தின் கணக்கில் எழுதுபவருக்கும் தெரியாது. இந்த விஷயத்தில் ஊரில் புழங்கும் தவறான முடிவுகளில் பெரும்பகுதி இங்கிருந்து கிளம்புபவை.

உலகில் வயது வந்தோரில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறு தள்ளிப்போகும் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது வேறு. மருமகளுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ச் சோதனை, சில சமயம் லேப்ராஸ்கோப்பி வரை எல்லாம் முடிந்து, அரச மரம் சுற்றி, ராமேஸ்வரமும் போய்வந்த பிறகுதான் மகனைக் கூப்பிடுகிறார்கள். ஊசிகூடக் குத்தாத, சில நூறு ரூபாயில் முடிகிற ஒரு பரிசோதனை வரிசையில் கடைசிக்குப் போய்விடுகிறது. தாம்பத்தியத்தில் குறையில்லாத ஆணுக்கு விந்தணுவில் மட்டும் என்ன குறை இருக்கப்போகிறது என்ற நினைப்புதான் காரணம். இரண்டும் வேறு வேறு. எழுச்சியில் எந்தக் குறையும் இல்லாதவரின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமலிருக்கலாம். எழுச்சிச் சிக்கல் உள்ளவரின் அணுக்கள் நன்றாகவே இருக்கலாம். சுவர் விளம்பரங்களும், மாதமொரு தேதி வைத்து லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களும், நள்ளிரவுத் தொலைக்காட்சியும் பிழைப்பது இந்த இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துதான்.

பழக்கங்களுக்குப் போகுமுன் பரிசோதனைத் தாளில் இருக்கும் எண்களைப் பற்றிக் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழெல்லை ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள்; அசைபவை 42 சதவீதம்; வடிவம் சரியானவை 4 சதவீதம். 'நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கோளாறா!' என்று தாளைப் பார்த்து முகம் வெளிறிப்போகிறவர்கள் உண்டு. நல்ல கருவளம் உள்ள ஆண்களிடமும் பெரும்பாலான அணுக்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கின்றன. இந்த எல்லைகள் வகுக்கப்பட்ட விதமும் தெரிந்திருக்க வேண்டும். முயற்சி தொடங்கி ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை எண்ணிக்கைப்படி வரிசையில் நிறுத்தினால், கடைசி ஐந்து சதவீதம் தொடங்கும் இடம் அது. அதற்குக் கீழே இருப்பவர் மலடர் ஆகிவிடமாட்டார். மேலே இருப்பவருக்கு உறுதிச்சீட்டும் கிடையாது. ஒரே ஆளிடம் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெரிதும் மாறும் என்பதால், ஒற்றைத் தாளை நம்பி முடிவெடுப்பதும் சரியில்லை.

இனி பழக்கங்கள். பத்திரிகைகளில் வரும் பட்டியல்களில் இறுக்கமான ஜட்டி, கைபேசி, சிகரெட், தூக்கமின்மை, கோலா எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எடையில் நிற்கும். ஆய்வுகளைப் படித்தால் அவற்றின் எடை மலைக்கும் மடுவுக்கும் வேறுபடுகிறது. முதலிடத்தில் நிற்க வேண்டியதோ பல பட்டியல்களில் இடம்பெறுவதே இல்லை: உடற்பயிற்சிக் கூடங்களில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி.

விந்தணு உற்பத்திக்கு விரைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் மிக அதிகச் செறிவில் இருந்தாக வேண்டும். அதைச் சுரக்கச் சொல்லும் கட்டளை மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து ஊசியாகவோ மாத்திரையாகவோ டெஸ்டோஸ்டிரோனையோ அதன் உறவான ஸ்டீராய்டுகளையோ ஏற்றினால், ரத்தத்தில் போதுமான அளவு இருப்பதாகக் கண்டு பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். ரத்தத்தில் ஹார்மோன் வழிகிறது, விரைக்குள் வறள்கிறது. தசை ஏறுகிறது, விரை சிறுக்கிறது, உற்பத்தி நின்றுபோகிறது. இதில் ஐயத்துக்கே இடமில்லை. ஏனென்றால் உலக சுகாதார நிறுவனமே இதை ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோரின் விந்தில் அணுவே இல்லாமல் போயிற்று. கருத்தடை மருந்தாகச் சோதிக்கப்பட்ட பொருளை ஆண்மையின் அடையாளமாக விற்பதும், திருமணத்துக்கு நாள் குறித்த பிறகு 'கட்டுமஸ்தாகத் தெரிய வேண்டும்' என்று மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொள்வதும் நம் காலத்து வேடிக்கைகளில் ஒன்று.

நிறுத்தினால் திரும்புமா? பெரும்பாலும் திரும்பும். இத்தகைய கருத்தடைச் சோதனைகளில் பங்கேற்ற 1,500க்கும் மேற்பட்ட ஆண்களின் தரவுகளைச் சேர்த்து 2006இல் வெளியான ஆய்வின்படி, ஊசியை நிறுத்திய ஆறு மாதத்தில் மூன்றில் இரு பங்கினரும், ஓராண்டில் பத்தில் ஒன்பது பேரும், இரண்டாண்டுக்குள் ஏறக்குறைய எல்லோரும் மில்லி லிட்டருக்கு 2 கோடி என்ற அளவைத் தொட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் போனது மருத்துவர் அளந்த அளவு. ஜிம்மில் போடுவது அதன் பல மடங்கு, அதுவும் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து. அங்கே மீட்சி இன்னும் மெதுவாக வரலாம். சோர்வு, ஆர்வக்குறைவு என்று போகிறவருக்கு மருத்துவரே டெஸ்டோஸ்டிரோன் எழுதித் தருவதும் நடக்கிறது. குழந்தைக்கு முயல்கிறோம் என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது வெப்பம். விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே, உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவான இடம் அவற்றுக்குத் தேவை என்பதால்தான். இந்தப் பாடத்தின் ஒரு பழைய அத்தியாயம் இந்தியாவில் எழுதப்பட்டது. இங்கே பணியாற்றிய சுவிஸ் மருத்துவர் மார்த்தா வோகெலி, தினமும் முக்கால் மணி நேரம் சுமார் 47 டிகிரி சூட்டு நீரில் அமர வைத்து, மூன்று வாரம் இதைத் தொடர்ந்தால் ஆண்களுக்குப் பல மாதம் தற்காலிகக் கருத்தடை கிடைக்கிறது என்று பதிவுசெய்தார். பிற்பாடு பிரான்சின் துலூஸ் நகரில் ரோஜே மியூசே குழுவினர் சூட்டுநீர்கூட வேண்டாம் என்று காட்டினார்கள். தனியாகத் தைத்த உள்ளாடையால் விரைகளைத் தினமும் 15 மணி நேரம் இடுப்பு மடிப்பை ஒட்டி மேலேற்றி வைத்தார்கள். ஏறிய இரண்டு டிகிரி வெப்பமே கருத்தடைக்குப் போதுமானதாக இருந்தது. இத்தாலியின் பதுவாவில் பத்துப் பேரை வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், மூன்று மாதம் சானா அறையில் உட்கார வைத்தார்கள். 2013இல் வெளியான முடிவு: எண்ணிக்கையும் நீந்தும் திறனும் சரிந்தன, சானாவை நிறுத்திய ஆறு மாதத்தில் முழுக்க மீண்டன. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நினைத்து யாரும் கலங்க வேண்டாம். தலையில் மொண்டு ஊற்றிக்கொள்ளும் வெந்நீர் வழிந்து போய்விடும். சிக்கல், உட்கார்ந்து ஊறுவதில்தான்.

மடிக்கணினி பற்றிய எச்சரிக்கைக்கு மூலம், 2005இல் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் 29 இளைஞர்களை வைத்து நடந்த சோதனை. மடியில் கணினியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு விதைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி ஏறியது. இந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: கணினி இல்லாமல், தொடைகளைச் சேர்த்து வைத்தபடி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தாலே 2.1 டிகிரி ஏறியது. குற்றத்தின் பெரும்பங்கு அந்த உட்காரலைச் சேர்ந்தது. உள்ளாடை விஷயத்தில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு வந்த 656 ஆண்களிடம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டதை 2018இல் வெளியிட்டார்கள். தளர்வான பாக்ஸர் அணிபவர்களின் விந்தணுச் செறிவு மற்றவர்களுடையதைவிட 25 சதவீதம் அதிகம். வித்தியாசம் உண்மை. ஆனால் இறுக்கமாக அணிந்தவர்களில் பெரும்பாலோரும் இயல்பான எல்லைக்குள்தான் இருந்தார்கள். வரம்பை ஒட்டித் தள்ளாடுபவருக்கு இது கணிசமான உதவி. மற்றவர்களுக்கு வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு தூங்க ஒரு சாக்கு.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு உறுத்துவது 'வாழ்க்கைமுறை' என்ற தலைப்புதான். இத்தாலியில் பீங்கான் சூளைத் தொழிலாளர்களிடமும் ரோமின் டாக்சி ஓட்டுநர்களிடமும் ஆய்வுகள் நடந்து, பாதிப்பின் தடயங்கள் கிடைத்தன. பிரான்சில் ரொட்டி அடுப்படியிலும் வெல்டிங்கிலும் இருப்பவர்களின் மனைவியர் கருத்தரிக்கக் கூடுதல் காலம் பிடித்ததைப் பார்த்தார்கள். கார் ஓட்டினால் இரண்டரை மணி நேரத்தில் விதைப்பையின் வெப்பம் சுமார் இரண்டு டிகிரி ஏறுவதும் அளக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் நாமக்கல், திருச்செங்கோட்டிலிருந்து லாரியும் போர்வெல் வண்டியும் ஏறி வாரக்கணக்கில் எஞ்சின் சூட்டின் மேல் உட்கார்ந்திருப்பவர்? கோவை ஃபவுண்டரியில் உருகிய இரும்பு ஊற்றுபவர்? புரோட்டாக் கல்லின் முன் பத்து மணி நேரம் நிற்கும் மாஸ்டர்? இவர்களுக்குச் சூடு ஒரு பழக்கம் கிடையாது, பிழைப்பு. 'ஜட்டியை மாற்றுங்கள், லேப்டாப்பை மேஜையில் வையுங்கள்' என்ற அறிவுரை குளிரூட்டிய அறையில் இருப்பவனுக்கு எழுதப்பட்டது. ஷிப்ட் மாற்றமும், நடுவில் எழுந்து நடக்க இடைவேளையும், காற்றோட்டமும் அவர்களின் கையில் இல்லை. முதலாளியின் கையில் இருக்கின்றன.

வேலையிடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1977இல் கலிபோர்னியாவின் லேத்ராப் ஊரில் நடந்தது சாட்சி. ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான், ஒரே பிரிவில் பலருக்கும் குழந்தை பிறக்காததைக் கவனித்தார்கள். சோதித்துப் பார்த்தால் பலரின் விந்தில் அணு மிகக் குறைவு, சிலரிடம் அறவே இல்லை. வேரில் தங்கும் நூற்புழுவைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்துதான் காரணம். அமெரிக்காவில் அது கட்டுப்படுத்தப்பட்ட பிறகும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் தொடர்ந்து தெளிக்கப்பட்டு, அங்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வழக்குமன்றம் ஏறினார்கள். அந்த ஆலையில் எவரும் புகைப்பதை நிறுத்தி, நடைப்பயிற்சி போயிருந்தால் பலன் கிடைத்திருக்காது. நம் வயல்களில் கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்தடிப்பவரிடம் எந்தக் கருத்தரிப்பு மையமாவது தொழில் என்ன என்று விசாரித்து எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும்.

புகையிலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சான்று ஒரு பக்கமாகத்தான் சாய்கிறது. 20 ஆய்வுகளில் இருந்த 5,865 ஆண்களின் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு, புகைப்பவரிடம் எண்ணிக்கையும் அசைவும் குறைவதை உறுதிசெய்தது. அதிகம் புகைத்தால் பாதிப்பும் அதிகம். புகைக்காமல் மெல்லுபவர்கள் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. மும்பையில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த, புகையிலை மெல்லும் 638 ஆண்களைப் பற்றிய 2005ஆம் ஆண்டு ஆய்வு, மெல்லும் அளவு கூடக்கூட விந்தின் தரம் இறங்குவதைக் காட்டியது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. பெட்டிக்கடையில் கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மதுவில் அளவு முக்கியம். டென்மார்க்கில் ராணுவத் தகுதிப் பரிசோதனைக்கு வந்த 1,221 இளைஞர்களிடம், வாரத்துக்கு 25 அலகுக்கு மேல் குடிப்பவர்களிடம்தான் சரிவு தெளிவாகத் தெரிந்தது. கஞ்சாவில் ஆய்வுகள் முரண்படுகின்றன. வாரம் ஒருமுறைக்கு மேல் இழுக்கும் டேனிஷ் இளைஞர்களிடம் செறிவு 28 சதவீதம் குறைவு என்றது 2015ஆம் ஆண்டு ஆய்வு. பாஸ்டனில் 662 ஆண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வோ, எப்போதாவது கஞ்சா புகைத்தவர்களுக்கே எண்ணிக்கை அதிகம் என்றது. ஆய்வாளர்களே எதிர்பாராத முடிவு. டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே அதிகமுள்ளவர்கள் இத்தகைய துணிச்சல்களில் இறங்குவதும் அதிகம், அந்தக் கலப்புதான் கணக்கைக் குழப்புகிறது என்பது ஒரு விளக்கம். பழக்கம் பற்றிய ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்தச் சங்கடம் உண்டு. புகைப்பவன் குடிக்கவும் செய்வான், தூக்கமும் கெட்டிருப்பான், தொப்பையும் போட்டிருப்பான். எதை எதிலிருந்து பிரிப்பது?

அதனால்தான் உடல் எடை பற்றிய ஒரு டேனிஷ் சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பருமனானவர்களுக்கு எண்ணிக்கை குறைவு என்பது 13,000 ஆண்களின் தரவுகளைத் தொகுத்து 2013லேயே சொல்லப்பட்டது. எடையைக் குறைத்தால் ஏறுமா என்பதுதான் கேள்வி. பருமனான 56 ஆண்களை எட்டு வாரம் நாளுக்கு 800 கலோரி உணவில் வைத்தார்கள், சராசரியாக 16.5 கிலோ இறங்கியது, விந்தணுச் செறிவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. 2022இல் வெளியான முடிவு இது. குறைத்த எடையை ஓராண்டு காத்தவர்களிடம் அந்த ஏற்றமும் நிலைத்தது. எடை திரும்பியவர்களிடம் எண்ணிக்கையும் பழையபடி இறங்கியது. வெறும் பார்வையில் கண்ட தொடர்பைவிட, மாற்றிப் பார்த்துக் கண்ட விளைவுக்கு மதிப்பு அதிகம். மருத்துவர் கண்காணிப்பில் நடந்த பட்டினி அது என்பதால் வீட்டில் அப்படியே செய்து பார்க்க வேண்டாம். எடையோடு சேர்ந்து வரும் சர்க்கரை நோயையும் நம் ஊரில் மறக்க முடியாது. நீண்ட நாள் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நரம்பைக் கெடுத்து, விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிப் போகச் செய்யும். முப்பதுகளிலேயே சர்க்கரை எட்டிப்பார்க்கும் தலைமுறைக்கு இது தூரத்துச் செய்தியாக இருக்காது.

கைபேசியைப் பற்றிப் பயம் பெரிது, சான்று சிறிது. சுவிட்சர்லாந்தில் 2,886 இளைஞர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இருபது முறைக்கு மேல் கைபேசியைப் பயன்படுத்துபவர்களின் நடுவளவு மில்லி லிட்டருக்கு 4.45 கோடி, வாரம் ஒருமுறைக்கு மேல் தொடாதவர்களுக்கு 5.65 கோடி. ஆனால் பேன்ட் பையில் வைப்பதற்கும் எண்ணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கதிர்வீச்சுதான் காரணம் என்றால் பையில் வைப்பவரைத்தானே அது முதலில் தாக்க வேண்டும்? இரவு ஒரு மணி வரை திரையைத் தேய்ப்பவரின் கெட்ட தூக்கம் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். தூக்கம் மிகவும் கெட்டிருந்தவர்களிடம் செறிவு 29 சதவீதம் குறைந்திருந்ததை 953 டேனிஷ் இளைஞர்களிடம் ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்.

பழக்கத்தை மாற்றுவதைவிட மாத்திரை வாங்குவது எளிது. கருத்தரிப்பு மையத்து மருந்துக் கடையில் துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் இ, செலினியம், கார்னிட்டின் கலந்த பெட்டிகள் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று போகின்றன. இவற்றை இரண்டு சோதனைகள் உரசிப் பார்த்தன. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளில் பாதி ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். குழந்தை பிறந்த விகிதம் மருந்துக்காரர்களிடம் 34 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களிடம் 35. மருந்தின் பங்களிப்பு வயிற்றுப் பிரட்டல் மட்டுமே. பல சத்துகளைக் கலந்து கொடுத்த இன்னொரு சோதனையும் 2020இல் கைவிரித்தது. முந்திரி, பாதாம் வகையறாவுக்குச் சற்று நல்ல செய்தி உண்டு: கலிபோர்னியாவில் தினம் 75 கிராம் வால்நட் தின்ற இளைஞர்களுக்கும், ஸ்பெயினில் 60 கிராம் கலப்புக் கொட்டைகள் தின்றவர்களுக்கும் அசைவும் வடிவமும் ஓரளவு மேம்பட்டன. ஆனால் பங்கேற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள். இரு ஆய்வுகளிலும் கொட்டை வியாபார அமைப்புகளின் பணமும் இருந்தது.

உலகமெங்கும் எண்ணிக்கை சரிகிறது என்ற பெரிய செய்தியும் பலரைப் பயமுறுத்துகிறது. 1992இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காகெபெக் குழு, ஐம்பது ஆண்டுகளில் சராசரி மில்லி லிட்டருக்கு 11.3 கோடியிலிருந்து 6.6 கோடிக்கு இறங்கியதாகச் சொன்னது. ஹகாய் லெவின் குழு பிற்பாடு உலகத் தரவுகளைத் தொகுத்து, 1973 முதல் 2018 வரை பாதிக்கும் கீழே சரிந்ததாகக் கணக்கிட்டது. பழைய எண்ணும் முறைகளையும் யார் மாதிரி கொடுத்தார்கள் என்பதையும் வைத்து இதைக் கேள்வி கேட்பவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும், சரிந்ததாகச் சொல்லப்படும் சராசரிகூட மேலே சொன்ன 1.6 கோடிக்கு எவ்வளவோ மேலே நிற்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டுக்கும் குறைவான குழந்தை என்ற விகிதத்தை இந்தச் சரிவோடு முடிச்சுப் போடுவதும் தவறு. அது குடும்பங்கள் விரும்பி எடுத்த முடிவின் கணக்கு.

பட்டியல்களில் காணாத இன்னொரு வாழ்க்கைமுறைக் காரணம், சேர்ந்திருக்காமை. கருத்தரிப்பு நடக்கக்கூடியது சினைமுட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாட்களில் மட்டுமே என்று 1995இல் அமெரிக்காவில் 221 பெண்களைத் தொடர்ந்து கண்ட ஆய்வு நிறுவியது. கணவர் துபாயில், ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பு என்றால் அந்த ஜன்னல் ஆண்டுக்கு ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை திறக்கிறது. கணவருக்கு இரவு ஷிப்ட், மனைவிக்குப் பகல் ஷிப்ட் என்று ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கும் இதே கதிதான். 'கல்யாணமாகி மூன்று வருஷம்' என்று ஊர் எண்ணுகிறது. சேர்ந்திருந்த மாதங்களை எண்ணினால் நான்குகூடத் தேறாது. இதோடு இன்னொரு நம்பிக்கை சேர்ந்துகொள்கிறது: விந்தைச் சேமித்தால் வீரியம் கூடும் என்று, அந்த ஆறு நாளுக்காகப் பதினைந்து நாள் விலகியிருப்பது. விலகல் நீண்டால் அளவும் எண்ணிக்கையும் ஏறும்தான்; ஆனால் தேங்கிய அணுக்களின் அசைவு குறையும், மரபுப்பொருளில் சேதமும் கூடும். அந்த நாட்களில் தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சேர்வதுதான் மருத்துவர்கள் சொல்லும் வழி.

பழக்கத்தால் வராத காரணங்களும் ஏராளம். விதைப்பையின் ரத்தக்குழாய் புடைக்கும் வெரிகோசீல், ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் இருக்கிறது. குழந்தையின்மைக்குச் சோதிக்கப்படும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். குரோமோசோம் குறைகள், சிறுவயதில் இறங்காத விரை, பொன்னுக்கு வீங்கி இறங்கிக் கெடுத்த விரை, அடைபட்ட குழாய் ஆகியவை எந்த நடைப்பயிற்சிக்கும் வால்நட்டுக்கும் அசைந்து கொடுக்காதவை. ஆகவே 'முதலில் ஆறு மாதம் பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம், பிறகு டாக்டரிடம் போகலாம்' என்பது தவறான வரிசை. பரிசோதனையை முதல் வாரமே செய்துகொண்டு, சிகரெட்டை அன்றே விட்டு, ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம். மனைவிக்கு 35 வயதுக்குக் கீழே என்றால் ஓராண்டு முயன்ற பிறகும், அதற்கு மேலே என்றால் ஆறு மாதத்திலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது வழக்கமான நெறி. கணவரின் எண்ணிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. மனைவியின் சினைமுட்டைகளுக்கு அந்த வசதி இல்லை.